பக்கவாட்டில் ஒரு பட்டன்

இருபது வருஷமாக வயர் இழுக்கிறேன். முதலில் டிவி கேபிள், அப்புறம் இன்டர்நெட். கடைக்குள் நுழைகிறவன் என்ன கேட்கப்போகிறான் என்று அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிடுவேன். ஸ்பீடு எவ்வளவு, மாடிக்கு எட்டுமா, மூணு மாசம் சேர்த்துக் கட்டினா ஒரு மாசம் ஃப்ரீயா. இந்த மூன்றைத் தாண்டி தாராவியில் எவனும் எதுவும் கேட்டதில்லை. அவர் ஒருத்தர்தான் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "தம்பி, வைஃபையை மட்டும் பந்த் பண்ணுத பட்டன் இருக்கிற டப்பா ஏதும் வச்சிருக்கியளா?" என்று கேட்டார்.

அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் எப்படியாவது அவர் காதுக்குப் போய்விடும் என்கிற பயம் என்னை இன்னும் விடவில்லை. சந்தில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். பேக் தைக்கிற கார்கானா வைத்திருந்தார். எட்டு மெஷின். வெள்ளைச் சட்டை, முழுக்கை, எந்த வெயிலிலும் மணிக்கட்டில் பட்டன் போட்டிருக்கும். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. எந்த சுவிட்சையும் விரல் நுனியால் தொட மாட்டார். ஆள்காட்டி விரலை மடக்கி அதன் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். கதவைத் தட்டுகிறவர் போல அத்தனை மரியாதையாக இருக்கும்.

அன்றைக்குக் கையில் இருந்த இரண்டு ரவுட்டர்களை எடுத்துக் காட்டினேன். எங்கள் பக்கம் அதற்கு டப்பா என்றுதான் பெயர். முதல் டப்பாவில் வைஃபையை பந்த் பண்ண, அதாவது அணைக்க, பின்புறம் ஊசித்துளை ஒன்று இருந்தது. குண்டூசியால் குத்த வேண்டும். "பகல் முழுக்க கார்கானாவுல ஊசியோட மாரடிக்கேன், வீட்லயுமா?" என்று சிரித்தார். அடுத்ததில் ஒரே பட்டனுக்கு இரண்டு வேலை. பத்து விநாடி அமுக்கிப் பிடித்தால்தான் வைஃபை நிற்கும். அதுவும் வேண்டாம் என்றார். போனிலேயே ஆப் வைத்து அணைக்கலாம் என்று நான் செய்து காட்டினேன்.

"ஆப்புன்னா பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு தெரிஞ்சா யாரும் திரும்பப் போட்டுருவாவளே. கையால அமுக்குதது வேணும். அமுக்கினா லைட்டு போறது கண்ணுக்குத் தெரியணும்."

"அப்போ ப்ளக்கைப் பிடுங்கிடுங்க அண்ணாச்சி, கதை முடிஞ்சது."

"அது ஆகாது. வீட்ல காமெரா ஒண்ணு மாட்டப் போறேன். அது வயர்ல ஓடிக்கிட்டே இருக்கணும். வைஃபை மட்டும் நிக்கணும்."

விவரமான மனுஷன் என்று நினைத்தேன். கம்பியில்லாத அலை பிள்ளைகளுக்கு ஆகாது, தூக்கம் கெடும் என்று அந்தச் சமயம் போனில் எல்லோருக்கும் ஏதேதோ வந்துகொண்டிருந்தது. அவருக்கு நாலு வயசில் பெண் பிள்ளை வேறு இருக்கிறாள். அதற்குத்தான் கேட்கிறார் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டு, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோடு முழுக்க அலைந்து ஒரு டப்பாவைக் கண்டுபிடித்தேன். பக்கவாட்டில், பால்பாயிண்ட் பேனாவின் தலையைப் போல ஒரு பட்டன். ஒரு தட்டு, உள்ளே போகும், வைஃபை விளக்கு அணையும். இன்னொரு தட்டு, வெளியே வரும், விளக்கு எரியும். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு அந்த விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். தட்டினார், எடுத்தார், தட்டினார், எடுத்தார். கடையில் நின்றிருந்த இரண்டு பேர் வேலையைப் பார்த்துக்கொண்டு போன பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க இங்க கடையில இருந்துக்கிட்டே இதைத் திரும்ப சாலு பண்ண முடியுமா தம்பி?"

"மத்த டப்பான்னா இங்கிருந்தே போட்டுடுவேன். இதுல பட்டன் உள்ள போயிட்டா கம்பெனி முதலாளியே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. அமுக்கின கைதான் எடுத்துவிடணும்."

விற்கிற புத்தி. பெருமையாகச் சொன்னேன். "அப்ப இது போதும்" என்று எழுந்து என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டலில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, வெட்கத்தைச் சொல்லத்தானே வேண்டும்.

அணைப்பது என்பது அவருக்கு ஒரு வேலை இல்லை, குணம். பொதுக் கக்கூஸில் பகலில் எரிகிற பல்பு, தெருக்குழாயில் ஒழுகுகிற தண்ணீர், டீக்கடையில் யாரும் பார்க்காமல் ஓடுகிற டிவி, எதையும் கடந்து போக மாட்டார். நின்று, அணைத்துவிட்டுத்தான் அடுத்த அடி. "போடுறதுக்கு யாராலயும் முடியும் தம்பி. பந்த் பண்ணத் தெரியணும்" என்பார். எங்களுக்கெல்லாம் அது பெரிய பேச்சாகத் தெரிந்தது. பிள்ளைகளைத் திட்டும்போது அவரை உதாரணம் சொல்லாத அம்மா எங்கள் சந்தில் கிடையாது.

என் உயிரே அந்தக் குணத்தால் தப்பியது. ஒரு ஜூலை மாத மழையில் சந்துக்குள் இடுப்பளவு தண்ணீர். என் கடைக்குள் மெஷின் எல்லாம் மூழ்கப் போகிறதே என்று நான் பைத்தியக்காரன் மாதிரி ஷட்டரைத் தூக்க ஓடினேன். அவர் குறுக்கே கையை நீட்டி நிறுத்தினார். "மெயினை அணைச்சாச்சு. இப்பப் போங்க" என்றார். எனக்கு முன்னால் தண்ணீரில் இறங்கி மீட்டர் பெட்டி வரைக்கும் போய்விட்டு வந்திருந்தார். உள்ளே போய்ப் பார்த்தால் எக்ஸ்டென்ஷன் பெட்டி தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. அவர் அணைத்திருக்காவிட்டால் இதை எழுத நான் இல்லை. சந்துக் கமிட்டியில் பேசி, கூரைகளுக்கு மேலே என் வயர் போக அனுமதி வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அதனால்தான் அவரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் என் மண்டையில் ஏறவில்லை.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு முன்னால் கூட்டம் போட்டார்கள். ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கமிட்டியைக் கிழிகிழி என்று கிழித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி மெதுவாக எழுந்து, பின்பக்கம் போய், மைக்செட்டின் சுவிட்சைத் தட்டினார். பெரியவரின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. தனக்குத்தான் காது அடைத்துவிட்டதோ என்று அவர் காதைக் குடைந்தார். கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. அதில் அதிகம் சிரித்தவன் நான்.

இன்னொரு தடவை கொடை நோட்டீஸ் கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். பத்துக்குப் பத்து ரூம்தான், மூலையில் அடுப்படி. அங்கே சுவரில் ஒரு சின்ன ஃபேன். என் மனைவி செல்வி அவருக்காக டீ போட்டுக்கொண்டிருந்தாள். மே மாதம், வேர்த்து வழிகிறது. அண்ணாச்சி எழுந்து போய் அந்த ஃபேனை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "ஆளில்லாத இடத்துல சும்மா ஓடுது" என்றார். செல்வி டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் போன பிறகு வெடித்தாள்.

"என்னைப் பாத்துக்கிட்டே அணைச்சாரு. கண்ணைப் பாத்துக்கிட்டே."

"கவனிச்சிருக்க மாட்டாரு, விடு."

"நான் என்ன ஊறுகா பாட்டிலா, கண்ணுக்குத் தெரியாம இருக்க? அந்த மனுசன் வீட்டுல இருக்கிறவ பாவம்."

உனக்கு யாரைத்தான் பிடிக்கும் என்று நான் அவளிடம் எரிந்து விழுந்தேன்.

அவர் வீடு சந்துக்குள் சந்து, அதற்குள் இன்னொரு சந்து. இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு ஒரே கதவு, அதன் பக்கத்தில் கம்பி போட்ட ஒரு ஜன்னல். உள்ளே போனால் எந்த போனிலும் டவர் ஒரு கோடுகூட இருக்காது. அங்கே குடியிருக்கும் பெண்கள் பேச வேண்டுமென்றால் போனைத் தூக்கிக்கொண்டு சந்து முனைக்கு வருவார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த முனையில் எட்டுப் பத்துப் பேர் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நின்று ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். பேசி முடித்ததும் ஒருத்தியோடு ஒருத்தி பேசுவார்கள், சிரிப்பார்கள், சண்டையும் போடுவார்கள். அண்ணாச்சியின் மனைவியும் அதில் ஒருத்தி. தென்காசிப் பக்கம். அவரைவிடப் பதினைந்து வயசாவது சின்னவள். இந்தி ஒரு வார்த்தை வராது. என்னை அண்ணே என்று கூப்பிடுவாள், நானும் அவளைத் தங்கச்சி மாதிரிதான் நினைத்தேன்.

டப்பா மாட்டப் போனபோது அந்தத் தங்கச்சிப் பிள்ளைக்கு அவ்வளவு சந்தோஷம். "இனி உள்ள இருந்தே எங்கம்மைய வீடியோவுல பாக்கலாமாண்ணே?" என்று மூன்று தடவை கேட்டாள். பாக்கலாம், பேசலாம், நெட் வழியாவே போன் வரும் என்றேன். எனக்கு டீயோடு ஒரு தட்டு முறுக்கும் வந்தது.

டப்பாவை எங்கே மாட்ட என்று கேட்டதற்கு அண்ணாச்சி வாசல் பக்கத்துச் சுவரைக் காட்டினார், செருப்பு விடுகிற இடத்துக்கு மேலே, நெஞ்சு உயரத்தில். "செருப்பு மாட்டும்போது கைக்கு எட்டணும்." சரி என்று மாட்டினேன். காமெராவை வாசலைப் பார்த்துத் திருப்பினேன். அவர் ஸ்டூலில் ஏறி அதைத் தன் கையால் டப்பாவைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

"வாசல் தெரியாதே அண்ணாச்சி."

"திருட வாரவன் முதல்ல டப்பாவைத்தான பிடுங்குவான். அந்த விளக்கு எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

இதையும் நம்பினேன். வயரை இழுத்து, கிளாம்ப் அடித்து, காமெராவை அவர் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். என் கையால் செய்து கொடுத்தேன்.

அதற்கப்புறம் சந்து முனையில் அந்தப் பிள்ளையைக் காணவில்லை. செல்விதான் முதலில் கவனித்தாள். அங்கே நிற்கிற ஒருத்தியிடம் கேட்டிருக்கிறாள். வீட்டிலேயே வசதி வந்தாச்சு, எதுக்குத் தெருவுல நின்னு பேசணும் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டாராம். நியாயந்தானே என்றேன் நான்.

ஒரு மாதம் இருக்கும். பால் வாங்கப் போகிற வழியில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு ஓடி வந்தாள். "அண்ணே, நெட்டு வரல. பகல் முழுக்க வர மாட்டேங்கு." நான் ஸ்கிரீனைப் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டு லைனும் எனக்கு ஒரு புள்ளியாகத் தெரியும். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. அவள் வீடு பச்சை. "லைன் நல்லாத்தாம்மா ஓடுது. போனை ஒருதடவை அணைச்சுப் போட்டுப் பாருங்க" என்றேன். காமெரா வயரில் ஓடினாலும் அந்தப் புள்ளி பச்சையாகத்தான் இருக்கும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. இத்தனை வருஷத் தொழில்!

அடுத்த வாரமும் வந்தாள். அதே பச்சை. அதே பதில். இந்தப் பதிலை நான் ஒரு நாளைக்கு ஐம்பது பேருக்குச் சொல்கிறவன்.

மூன்றாவது தடவை வந்தபோது குரலைத் தணித்துக்கொண்டு, "ஒரு எட்டு வீட்டுக்கு வந்து அந்தப் பட்டனை நீங்க எடுத்துவிடுதியளாண்ணே?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "உங்க வீட்டு பட்டன், நீங்க தட்டினா ஆகாதா?"

"நான் தொட்டா அவியளுக்குத் தெரிஞ்சிரும். லைட்டு எரியுமே. காமெராவுல பாத்துருவாவ. நீங்க தொட்டியன்னா, லைன் பாக்க வந்தாவன்னு சொல்லிக்கிடுவேன்."

கடையில் கரண்ட் போய் அப்போதுதான் வந்திருந்தது. பேச்சை மாற்றுவதற்காக, கீழே நின்ற பிள்ளையிடம், "பாப்பா, அந்த லைட்டு சுவிட்சைப் போடு பார்ப்போம்" என்றேன். கைக்கு எட்டுகிற உயரம்தான். அந்தக் குழந்தை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, என்னையே பார்த்தபடி தலையை ஆட்டியது. அம்மாக்காரி அதைத் தூக்கிக்கொண்டு அரக்கப்பரக்க ஓடினாள். நேரம் ஆகிவிட்டதாம்.

அப்போதாவது செல்வியிடம் கேட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? நேரே அண்ணாச்சியின் கார்கானாவுக்குப் போனேன். உயிரைக் காப்பாற்றிய மனுஷன், நாம் சொன்னால் கேட்பார் என்று ஒரு நினைப்பு. "என்ன அண்ணாச்சி, வீட்ல தங்கச்சி மூணு வாட்டி கடைக்கு வந்துடுச்சு, பட்டனைப் பகல்ல கொஞ்சம் விட்டு வைக்கக் கூடாதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"மூணு வாட்டியா?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். எனக்கு டீ சொன்னார். பிறகு பொறுமையாக விளக்கினார். "அவளுக்கு ஊர் நெனப்பு ஜாஸ்தி தம்பி. பேசப் பேச அழுகா. அழுகை நிக்கணும்னா பேச்சு நிக்கணும். நான் கெடுதலுக்கா செய்யுதேன்? நீங்க உங்க லைனைப் பாத்துக்கிடுங்க. வீட்டை நான் பாத்துக்கிடுதேன்."

பேசிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து மெஷினில் தைத்துக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்த தையல்காரரின் மோட்டாரை அந்த விரல் முட்டியால் தட்டி நிறுத்தினார். தையல்காரர் பாட்டையும் நிறுத்தினார். மோட்டார் திரும்ப ஓடியது. யாரும் தலை நிமிரவில்லை.

அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. பால் வாங்க அண்ணாச்சியே வந்தார். என்னைப் பார்த்தால் முன்பு போலவே கை தூக்கினார். அந்த வழியாக வயர் பார்க்கப் போனபோதெல்லாம் வீட்டில் பூட்டுத் தொங்கியது. வெளியே போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பகலில், வாரம் முழுக்க, ஒரு சின்னக் குழந்தையோடு எங்கே போவாள் என்று யோசிக்கக்கூட எனக்கு வக்கில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். காட்டிக்கொடுத்தவன் நான்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் கடை போனுக்குத் தென்காசியிலிருந்து ஓர் ஆள் பேசினான். அந்தப் பிள்ளையின் தம்பி. "அண்ணே, எங்கம்மைக்கு ரொம்ப முடியல. ரெண்டு நாள் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அக்காவுக்கு அடிச்சு அடிச்சுப் பாக்கேன், போவே மாட்டேங்கு. அத்தான் எடுத்தா, சொல்லிட்டேன் சொல்லிட்டேங்காவ. அக்கா ஒருநா உங்க நம்பரைத் தந்து வச்சிருந்தா, ஏதும் அவசரம்னா இவியகிட்ட சொல்லுன்னு."

என் நம்பரைத் தந்து வைத்திருந்தாள். என்னை நம்பி.

செல்வியையும் கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன். கதவில் பூட்டு. பேர் சொல்லிக் கூப்பிட்டதும் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் வந்து நின்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. அழவில்லை. காமெரா இருக்கிற பக்கம் கண்ணை மட்டும் திருப்பி, உதடு அசையாமல், "பேச்சு கேக்காது, உருவம் தெரியும். நான் ஜன்னல்ல நிக்கது தெரிஞ்சா வந்துருவாவ. போயிருங்கண்ணே" என்றாள். பிறகு, "எங்கம்மை மொகத்தை ஒருவாட்டி பாக்கணும்" என்றாள்.

செல்வி என்னைப் பார்த்த பார்வையை என்னால் சொல்ல முடியாது. "ஒங்க வயருதானே. அறுத்து விடுங்க" என்றாள். "பூட்டை நான் பாத்துக்கிறேன்." கிளாம்ப் அடிக்கிற சுத்தியலை என் பையிலிருந்து அவளே உருவிக்கொண்டாள்.

சந்து முனையில் என் ஜங்ஷன் பெட்டி. அவர் வீட்டு லைனைப் பிடுங்கினேன். இனி அவருக்குக் காமெரா கிடையாது. கார்கானாவிலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை, அதற்குள் பூட்டு உடைய வேண்டும். நான் கடைக்கு ஓடினேன், ஒருவேளை அங்கே வருவார் என்று. அதுதான் நடந்தது. லைன் கோளாறு என்றால் லைன்காரனிடம் போவதுதான் அவர் ஒழுங்கு.

பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேர்க்கவில்லை, மூச்சு வாங்கவில்லை.

"லைன் போச்சு தம்பி."

"சயான் பக்கம் எங்கயோ தோண்டிட்டானாம் அண்ணாச்சி. கேபிள் கட். ஏரியாவுல யாருக்குமே நெட் இல்ல."

போட்டோ பிரேமைத் துடைக்கிற மாதிரி, வயரைச் சுற்றுகிற மாதிரி என்னென்னவோ செய்தேன். ஒவ்வொரு நிமிஷமும் ஒரு வருஷம். ஸ்கிரீனை அணைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை, மடையனுக்கு. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்ததெல்லாம் பச்சையா இருக்கே. ஒண்ணே ஒண்ணுதான் சிவப்பு" என்றார்.

அவர் எழுந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். அவர் என் தலைக்கு மேலே ஓடின ஃபேனை அணைத்தார். லைட்டை அணைத்தார். ஸ்கிரீனை அணைத்தார். கடைசியில் சுவரில் இருக்கிற மெயினையும் அந்த விரல் முட்டியால் தட்டி இறக்கினார். என் வயர் போகிற ஏழு சந்துகளுக்கும் நெட் நின்றது. இருட்டான கடைக்குள் என்னைப் பார்த்து, "நீங்களுமா தம்பி" என்றார். வருத்தமாகவே சொன்னார். பிறகு வீட்டுப் பக்கம் நடந்தார், ஓடவில்லை.

என் போன் அடித்தது. செல்வி. "குர்லா டெர்மினஸுக்கு ஆட்டோ ஏறியாச்சு. பிள்ளையும் இருக்கு. நீங்க வாயைத் தொறக்காதீங்க." நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன்.

தெற்கே போகிற வண்டியில் பொதுப் பெட்டியில் ஏற்றிவிட்டு செல்வி திரும்பி வந்தாள். மறுநாள் காலையில் அந்தப் பிள்ளையின் நம்பருக்கு அடித்தேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. சிம் அண்ணாச்சி பெயரில் இருந்தது. காலையில் முதல் வேலையாகப் போய் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். வண்டி எங்கே போகிறது, தாயும் பிள்ளையும் சாப்பிட்டார்களா, யாராவது வழியில் இறக்கிவிட்டார்களா, ஒன்றும் தெரியாது. தம்பிக்கு அடித்தால் அவன் ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்குமாக ஓடிக்கொண்டிருக்கிறான், எடுக்கவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்கும் செல்விக்கும் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து கால் வந்தது.

"அண்ணே, வந்து சேந்துட்டேன்."

"அம்மா?"

"இருக்காவ. கண்ணு முழிச்சுப் பாத்தாவ. எம் பேரைச் சொன்னாவ." அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுது நான் முதல் தடவை கேட்டேன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அண்ணே, நாங்க இங்க ரொம்ப நாள் இருக்க மாட்டோம். அவியளுக்கு இந்த வீடு தெரியும். வேற எங்கயாவது போயிருவோம். இந்த நம்பரை வச்சுக்கிடாதிய. அழிச்சிருங்க. தம்பி நம்பரையும். நானும் இனிக் கூப்பிட மாட்டேன். செல்வியக்காட்ட சொல்லுங்க" என்றாள்.

நான் இரண்டு நம்பரையும் அழித்தேன்.

மறுநாள் காலை கடையைத் திறக்கும்போதே அவர் நின்றுகொண்டிருந்தார். அதே வெள்ளைச் சட்டை, மணிக்கட்டில் பட்டன். ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டினார். கண் என் போன் மேல் இருந்தது. நான் ஏன் போனை அவரிடம் கொடுத்தேன் என்று செல்வி இன்றைக்கும் கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. வருஷக்கணக்காக அந்தக் கை என்ன கேட்டாலும் கொடுத்துப் பழகியிருந்தேன்.

யார் யார் கூப்பிட்டார்கள் என்ற வரிசையை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, அந்த விரல் முட்டியால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அந்த மூன்று நாளில் எனக்கு வந்த கால்கள் எல்லாம் இருந்தன, கஸ்டமர், கம்பெனி, செல்வி. நேற்றுச் சாயங்காலத்துக் கால் மட்டும் இல்லை. ஊரிலிருந்து ஒரு கால்கூட வராமல் இருந்திருக்காது என்று அவருக்குத் தெரியும். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு போனைத் துடைத்து என்னிடம் நீட்டினார். முகத்தில் கோபம் இல்லை. அவர் கார்கானாவில் தையல் சரியாக வந்த பேக்கைத் திருப்பிப் பார்ப்பாரே, அந்த முகம்.

"அழிச்சிட்டியளே" என்றார். "நல்ல பழக்கம் தம்பி."

என்னை அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அடுத்த மாதமே சந்துக் கமிட்டி என் வயரைக் கூரைகளிலிருந்து இறக்கச் சொல்லிவிட்டது. நான் செம்பூருக்கு வந்து கடை போட்டு ஆறு வருஷம் ஆகிறது. இங்கே எத்தனையோ வீடுகளுக்கு லைன் கொடுக்கிறேன். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கிறாளா என்று ஒரு வார்த்தை கேட்க என்னிடம் நம்பர் இல்லை.